திருப்பி விடுங்க, தங்கச்சி

சேர்ச்சில் நடக்கும் அறுவடைப் பண்டிகை ஏலத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ என்னவோ. பார்க்காதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் ஷிராணி ஏமாந்த விதம் புரியாது, அவளை மடச்சி என்று நினைத்துவிடுவீர்கள். அவள் மடச்சி இல்லை.

ஹட்டனுக்கு மேலே தோட்டத்துச் சனங்கள் போகும் சின்னச் சேர்ச்சுகளில், வருஷத்துக்கு ஒருமுறை அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து குவிப்பார்கள். லீக்ஸ், கரட், கோவா என்கிற முட்டைக்கோஸ், கால் கட்டின சேவல், யாராவது சுட்ட பட்டர் கேக். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்கு வரும். சந்தையில் விலையை இறக்கப் பார்க்கிற அதே ஆள் அங்கே ஏற்றப் பார்ப்பார். கேக்கை எடுத்தவர் காசைக் கட்டிவிட்டு, கேக்கைத் தொடாமலே, "திருப்பி விடுங்க" என்பார். கேக் மறுபடி மேசைக்கு வரும், மறுபடி ஏலம் போகும். இப்படி ஒரே கேக் மூன்று தடவை விலைபோய்க் கடைசியில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போகும். திருப்பி விட்டவரைச் சபையே கைதட்டி வாழ்த்தும். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதற்குள் சூது இருக்கும் என்று கனவிலும் தோன்றாது.

ஷிராணி வெள்ளிமலைத் தோட்டத்துக் கீழ் டிவிஷன்காரி. கல்யாணத்துக்கு முந்தின வருஷம், வழக்கமாக ஏலம் கூறும் யேசுரட்ணம் ஐயாவுக்குத் தொண்டை கட்டிப்போனதால் இவளைப் பிடித்து மேசைக்குப் பின்னால் நிறுத்தினார்கள். மைக் வேண்டாம் என்றாள். ஒரு வத்தல் சேவலைத் தூக்கிப்பிடித்து, "இத அடிச்சுச் சாப்பிட மனசு வராது, கூடவே வச்சுப் பேசிக்கிட்டு இருக்கலாம்" என்று அவள் சொன்ன சொல்லில் அது வாத்தியார் வீட்டுக்கு நல்ல விலைக்குப் போனது. அன்றிலிருந்து ஏலம் அவளுடையது. அவளுக்கு வாய்த்தது அந்த வாய் ஒன்றுதான். கொழுந்து பறிப்பதில் அவள் சுமார், தையலில் சுத்த மோசம்.

நிரஞ்சனைக் கட்டினாள். ஹட்டன் பஸ் ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டுகிறவன். முருகன் கோயில்காரன், சேர்ச்சுக்குக் கல்யாணத்தன்று வந்ததோடு சரி. ஆனால் சேர்ச் ஏலக் கதைகளை அவள் நடித்துக் காட்டினால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். "திருப்பி விடுங்க" என்ற சொல்லை அவன் கற்றுக்கொண்டது அவள் வாயிலிருந்துதான்.

மகள் லோஜினிக்கு நாலு வயதானபோது ஷிராணி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பாதிப் பெண்கள் போய்வந்த வழிதான். ஐந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது கட்டுநாயக்கா விமான நிலையத்தில் லோஜினி அப்பாவின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, "அவுங்களா?" என்று கேட்டாள். ஷிராணி அழுதாள். எல்லோரும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்றார்கள்.

வந்த மூன்றாம் மாதமே நிரஞ்சன் ஆரம்பித்துவிட்டான். "இன்னும் ரெண்டு வருஷம் போய்ட்டு வந்துட்டீன்னா வீட்டுக்கு மேல ஸ்லாப் போட்டுறலாம்." அவன் கெட்டவனில்லை. கெஞ்சலாகத்தான் கேட்பான், சாப்பிடும்போது கேட்பான், அவள் முகம் மாறினால் பேச்சை மாற்றுவான், நாலு நாள் கழித்து மறுபடி கேட்பான். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பது அவனுக்குத் தெரியும். ஷிராணி நகரக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏன் போகமாட்டாள் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயே உட்கார்ந்து சம்பாதித்துக் காட்டினால் அந்தக் கேள்வி நிற்கும், அவ்வளவுதான் அவள் கணக்கு.

அப்போதுதான் அழகன் வந்தான். நிரஞ்சனின் பெரியம்மா மகன். நல்லதண்ணியில் சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்குக் கடை போடுகிறவன். மே மாத வெசாக்கோடு சீசன் முடிந்து, விற்காமல் கிடந்த கம்பளித் தொப்பி, பிள்ளைகளின் ஜக்கெட், போர்வை, பிளாஸ்க் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டுவந்து இவர்கள் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் இறக்கிவிட்டான். "அடுத்த சீசன் வரைக்கும் இருக்கட்டும் அண்ணி. வித்தா வித்துக்குங்க, ஆளுக்குப் பாதி."

ஷிராணி சாக்கைப் பார்த்தாள், கையிலிருந்த போனைப் பார்த்தாள். பேஸ்புக்கில் யார் யாரோ லைவ் போட்டுச் சேலை ஏலம் விடுகிறார்கள். "நாங்க விட்டா என்னா?" என்றாள்.

"ஒனக்கு வாய் இருக்கு. விடு" என்றான் நிரஞ்சன். போனை நிறுத்த மரச்சட்டம் அடித்துக் கொடுத்தவனும் அவன்தான்.

யாருக்கு விற்பது என்பதில்தான் அவள் கெட்டிக்காரத்தனம் இருந்தது. குவைத்திலும் தோஹாவிலும் இருக்கும் நம் பெண்கள் அங்கிருந்து விலை கேட்கட்டும். சாமானை இங்கே ராகலையிலோ நல்லதண்ணியிலோ லயத்தில் இருக்கும் அவர்கள் பிள்ளைகளிடம் கொண்டுபோய்க் கொடுப்போம். பிள்ளை ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்கிற படத்தை எடுத்துத் தாய்க்கு அனுப்புவோம். நேரம் வெள்ளிக்கிழமை பின்னேரம். அங்கே பகல் சாப்பாடு முடிந்து, சட்டி பானை கழுவி, மேடம் உறங்கப்போயிருப்பார். குசினி மூலையில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு போனைப் பார்க்கக் கிடைக்கும் ஒரே நேரம் அது. அந்த மூலையில் ஐந்து வருஷம் உட்கார்ந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

முதல் வெள்ளிக்கிழமை நாலு பேர் வந்தார்கள். அதில் ஒருத்தி அவள் சித்தி மகள். இரண்டாவது வெள்ளியும் அதே கதை. தொண்டை கிழியக் கூவியும் ஒரு தொப்பிக்குமேல் போகவில்லை. "இது சரிவராதுபோல" என்று நிரஞ்சன் சொன்னான். அடுத்து என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். அன்று அவள் சாப்பிடவில்லை.

மூன்றாவது வெள்ளிக்கிழமை மலையருவி வந்தாள்.

படத்தில் ஒரு நீர்வீழ்ச்சி. பெயர் மலையருவி. சொந்த ஊர் ராகலை, இருப்பது தோஹா என்று போட்டிருந்தது. ஒரு சிவப்புப் போர்வைக்கு விலை கேட்டாள், இன்னொருத்தி கேட்டாள், இவள் ஏற்றினாள், அவள் ஏற்றினாள். "ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம், மலையருவி அக்காவுக்கு!" என்று ஷிராணி போர்வையை மடிக்கப்போகும்போது கீழே எழுத்து வந்தது: *திருப்பி விடுங்க, தங்கச்சி.*

ஷிராணிக்கு மெய் சிலிர்த்துவிட்டது. நம் ஆள்! சேர்ச்சில் வளர்ந்த பிள்ளை! கமராவுக்கு முன்னால் கைதட்டினாள். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கும் அந்த வழக்கம் தெரியும்; கைதட்டும் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. போர்வை மறுபடி ஏலத்துக்கு வந்து, முன்னைவிடக் கூடிய விலைக்குப் போனது. காசு விஷயம் எல்லாம் நிரஞ்சன் கையில். "அந்த மலையருவி காசு போட்டுருச்சா?" என்று ஷிராணி கேட்டதற்கு, "ஆ, வந்துருச்சு" என்றான். அவள் மறுபடி கேட்கவில்லை. புருஷன் சொன்னதை நம்பாமல் வேறு யார் சொல்வதை நம்புவது?

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை என்றால் திருவிழாதான். நாலு பேர் நாற்பதாகி, நாற்பது இருநூறானது. மலையருவி எல்லாச் சாமானுக்கும் வரமாட்டாள்; சூடு தணிகிற நேரம் பார்த்து வருவாள், விலையைத் தூக்கிவிடுவாள், சில நேரம் தோற்பாள், சில நேரம் ஜெயித்துத் திருப்பி விடுவாள். குவைத்திலிருந்து வரும் ஷாமிலா என்ற பொகவந்தலாவைப் பெண், மகளுக்கு ஒரு நீல ஜக்கெட் எடுக்க மலையருவியோடு மல்லுக்கட்டி, கடைசியில் கடை விலையைவிடக் கூடக் கொடுத்து எடுத்துவிட்டு, *நான் ஜெயிச்சிட்டேன்* என்று எழுதினாள். பிள்ளைக்கு ஜக்கெட் எடுப்பதில் அங்கே இருப்பவளுக்கு என்ன ஜெயிப்பு என்று நீங்கள் கேட்கலாம். வேறு எதில் ஜெயிக்கிறாள் அவள்?

அழகனின் சாக்குகள் தீர்ந்து, நிரஞ்சன் கொழும்புக்குப் போய்ப் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை மூட்டையாக எடுத்துவந்தான். இஸ்தோப்பில் சாமான் அடுக்கப் பலகை அடித்தார்கள். லயத்தில் ஷிராணியை 'ஏலக்காரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஆனாலும் நிரஞ்சன் குவைத்தை விடவில்லை. "இதுவும் நடக்கட்டும். நீ ரெண்டே ரெண்டு வருஷம்..." என்பான்.

மலையருவிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று ஒருநாள் மெசஞ்சரில் எழுதினாள். பதில் வந்தது, சின்னதாக. மறுநாள் இவள் இன்னொன்று எழுதினாள். பார்சல் கட்டுகிற காலை நேரங்களில், பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் புருஷன் ஸ்டாண்டுக்கும் போனபிறகு, மலையருவிக்கு எழுதுவது பழக்கமானது. அந்த அக்கா நிறையப் பேசாது. கேட்டுக்கொள்ளும். *ம்* என்று போடும், *பாவம் தங்கச்சி* என்று போடும். பேசாமல் கேட்டுக்கொள்கிற ஒரு ஆள் எவ்வளவு பெரிய விஷயம் என்பது கேட்க ஆளில்லாதவர்களுக்குத்தான் தெரியும். ஷிராணி ஜெபத்தில் அந்த அக்காவின் பெயரையும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு மழைக்காலையில், நிரஞ்சன் முந்தின இரவு மறுபடி குவைத்தை எடுத்திருந்த கோபத்தில், எல்லாவற்றையும் எழுதிவிட்டாள்.

அந்த வீட்டில் போன உடனே அவள் கையில் ஒரு குழந்தையைத் தந்தார்கள். பிறந்து நாற்பது நாள். ஹமூதி என்று செல்லமாகக் கூப்பிடுவார்கள். குளிப்பாட்டினதும் ஊட்டினதும் உறங்கவைத்ததும் அவள். பேச்சு வந்ததும் அவளைப் பார்த்து "மாமா" என்றான். நம் ஊரில் மாமா என்றால் வேறு ஆள் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் அரபியில் அது அம்மா என்று உறைத்தது. மேடம் கேட்டுக்கொண்டே நின்றார். அவள் புறப்படுகிற அன்று அவன் அவளுடைய பையின் வாரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள்.

*கட்டுநாயக்காவுல நான் அழுதது லோஜினிக்காக இல்ல அக்கா. அவன நெனச்சு அழுதேன். பெத்த பிள்ள முன்னுக்கு நிக்குது, நான் அவன நெனச்சு அழுறேன். இப்பவும் லோஜினி தலைய சீவும்போது அவன் முடிதான் கைக்கு ஞாபகம் வருது. இத யாருகிட்ட சொல்றது. மறுபடி போனா நான் அந்த வீட்டுக்குத்தான் போவேன். போனா திரும்பி வர மாட்டேன்னு பயமா இருக்கு.*

மலையருவி அன்று பதில் போடவில்லை. அடுத்த நாளும் இல்லை. ஷிராணிக்கு வெட்கமாகிவிட்டது, ஏன் எழுதினோம் என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் வந்தது: *பெத்தாத்தானா பிள்ள? அழுதது பாவமில்ல தங்கச்சி. ஒங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. நல்ல மனுசன் மாதிரி தெரியுது.*

ஷிராணி எழுதினாள்: *நல்ல மனுசன்தான். ஆனா தாங்க மாட்டாரு.*

பதிலுக்கு ஒரு சிவப்பு இதயம் வந்தது.

அதற்குப் பிறகு ஒரு அதிசயம் நடந்தது. நிரஞ்சன் குவைத் என்ற சொல்லையே எடுக்கவில்லை. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். ஷிராணி கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். ஏலம் கைகொடுத்துவிட்டது, அவர் மனது மாறிவிட்டது என்று மலையருவிக்கும் எழுதினாள். *சந்தோசம் தங்கச்சி* என்று வந்தது. அவள் வாழ்க்கையில் அந்த இரண்டு மாதம்தான் பயமில்லாமல் கண்மூடித் தூங்கிய காலம்.

பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி வெள்ளிக்கிழமை என்று அறிவித்தார்கள். லோஜினிக்கு இப்போது பதினொரு வயது, நூறு மீற்றரில் ஓடுகிறாள். பரிசு கொடுக்கிற நேரமும் ஏலம் தொடங்குகிற நேரமும் ஒன்று.

"அம்மா வரமாட்டீங்களா?" வெள்ளிக்கிழமை காலையில் லோஜினி சப்பாத்துக்கு வெள்ளை பூசிக்கொண்டே கேட்டாள்.

"எப்புடிம்மா வர்றது? இருநூறு பேரு காத்துக்கிட்டு இருப்பாங்க. அப்பா வருவாரு."

நிரஞ்சன் வாசலில் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். என்ன எரிச்சலில் இருந்தானோ, உள்ளே பார்த்துச் சொன்னான்: "ஒரு நாளைக்கு ஒன் ஏலத்தத் தள்ளிப்போட்டா வானம் இடிஞ்சு விழுந்துருமா? ஹமூதி ஓடுறான்னா போயிருக்க மாட்ட?"

சொன்ன பிறகு துணியை உதறினான். தான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்ததோ இல்லையோ, கை அப்படியே நின்றது. பிறகு ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணினான்.

"ஹமூதின்னா யாரும்மா?" என்றாள் லோஜினி.

பார்சல் ஒட்டுகிற டேப் ஷிராணியின் கையோடு ஒட்டிக்கொண்டிருந்தது, அதைப் பிய்க்கத் தோன்றவில்லை. அந்தப் பெயரை அவள் இந்த வீட்டுக்குள் ஒருநாளும் சொன்னதில்லை. குவைத்திலிருந்து பேசும்போதும் "பிள்ள" என்றுதான் சொல்லியிருக்கிறாள்; பெயரைச் சொன்னால் குரலில் ஏதாவது தெரிந்துவிடும் என்று பயம். உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்தப் பெயரை எழுதியிருக்கிறாள்.

லோஜினியை அனுப்பிவிட்டு மெசஞ்சரைத் திறந்து முதலிலிருந்து படித்தாள். *பாவம் தங்கச்சி. ம். சந்தோசம் தங்கச்சி.* அவள் எழுதிய பக்கம் பக்கமான வரிகளுக்கு நடுவில் அந்தச் சின்னச் சின்ன வரிகள். மூன்று நாள் பதில் வராத இடத்துக்கு வந்தபோது நிறுத்தினாள். அந்த மழை நாள் இரவு நிரஞ்சன் வயிற்று வலி என்று சாப்பிடாமல் படுத்தது நினைவுக்கு வந்தது. அவள் ஓமத் தண்ணி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

ஆனாலும் மனது ஒப்புக்கொள்ளவில்லை. வேறு எப்படியாவது தெரிந்திருக்கலாம், தூக்கத்தில் உளறியிருக்கலாம் என்று பின்னேரம் வரைக்கும் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பினவளுக்கு நம்பிக்கையை விடுவது அவ்வளவு சுலபமா?

லைவைத் தொடங்குவதற்கு முன்பே மழை பிடித்து, போட்டியை நேரத்தோடு முடித்துவிட்டார்கள். நிரஞ்சன் லோஜினியை மழையில் நனையாமல் கொண்டுவந்து மாமி வீட்டில் விட்டுவிட்டதாகவும், ஒரு ஹயர் சவாரி வந்திருப்பதாகவும் போனில் சொன்னான். பிள்ளை இரண்டாமிடம் வந்தாள் என்றும் சொன்னான். ஷிராணி தலைக்குமேல் தகரம் அதிர ஏலம் கூறினாள். ஒரு மஞ்சள் கம்பளிச் சட்டையைத் தூக்கினாள். ஷாமிலா கேட்டாள். மலையருவி ஏற்றினாள். ஷாமிலா ஏற்றினாள். மலையருவி மறுபடி ஏற்றினாள்.

"மலையருவி அக்கா" என்றாள் ஷிராணி. "தோஹாவுல மழையா?"

*இல்ல தங்கச்சி நல்ல வெயில்.*

சட்டையை மடியில் போட்டாள். மரச்சட்டத்திலிருந்து போனைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, லைவை நிறுத்தாமலே வாசலில் இறங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த இருநூறு பேருக்கும் தகரக் கூரை தெரிந்தது, பிறகு மழை, பிறகு சேற்றில் நடக்கிற அவள் கால். *என்ன அக்கா? எங்க போறீங்க?* என்று எழுதினார்கள். வீட்டை விட்டால் லயத்துக்குக் கீழே ரோட்டு வளைவில் மட்டும்தான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும்; மலையருவி அவன்தான் என்றால் அங்கேதான் நிற்க வேண்டும். அங்கே நிரஞ்சனின் ஓட்டோ, மழைக்குப் பக்கவாட்டில் தொங்கவிடும் படங்கை இறக்கிவிட்டு நின்றது.

படங்கைத் தூக்கினாள்.

பின் சீட்டில் உட்கார்ந்திருந்தான். கையில் போன். அவள் அவனைப் பார்த்தாள், அவன் அவளைப் பார்த்தான். லைவ் கொஞ்சம் பிந்தித்தான் வரும் அல்லவா? சற்றுப்பொறுத்து அவன் கையிலிருந்த போனில் படங்கு தூக்கப்பட்டு, அதற்குள் அவன் முகமே வந்து நின்றது.

"இவருதான் மலையருவி" என்றாள் ஷிராணி போனைப் பார்த்து. "என் வீட்டுக்காரர். எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். இவரு வெல ஏத்துன சாமானுக்குக் கூடக் குடுத்தவங்க எல்லாரும் எனக்கு எழுதுங்க." லைவை நிறுத்திவிட்டு ஓட்டோவுக்குள் ஏறி உட்கார்ந்தாள். நனைந்திருந்தாள்.

"மொத ரெண்டு வாரம் யாரும் வரல்லியே" என்றான் அவன். "நீ சாப்பிடாம கெடந்த. ஒரு கை குடுத்துப் பார்ப்போம்னுதான்..."

"கையா? யார் தலையில வச்சீங்க கைய? ஷாமிலா கை வெடிக்கச் சட்டி கழுவுறா. நான் கழுவல்லியா? அந்தக் காசு எப்புடி வருதுன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"யாவாரம்னா அப்புடி இப்புடித்தான் இருக்கும் ஷிராணி."

"சரி. யாவாரத்த விடுங்க. நான் எழுதுனத எல்லாம் ஏன் படிச்சீங்க?"

"நீதானே மொதல்ல எழுதுன. நானா கேட்டேன்?"

"'அடியே, நான்தான்'னு ஒரு வரி எழுதத் தெரியல்லியா ஒங்களுக்கு?"

"எழுதியிருந்தா நீ சொல்லியிருப்பியா?"

"சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள். "செத்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். அது என் இஷ்டம். சொல்லாம வச்சிருந்தது என்னோடது. அதப் பொம்பள வேசம் போட்டு வந்து எடுத்துட்டீங்க. எடுத்ததுதான் எடுத்தீங்க, பிள்ளைக்கு முன்னாலயே தூக்கி அடிச்சீங்க."

அவன் அழுதான். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னான்: "அது தெரிஞ்சதுக்கு அப்புறம் குவைத்துன்னு ஒரு வார்த்த பேசியிருப்பேனா நான்? சொல்லு."

பேசவில்லைதான். அதுதான் அவளைக் கொன்றது. இரண்டு மாதம் அவள் கர்த்தருக்குச் சொன்ன ஸ்தோத்திரம் எல்லாம் யாருக்குப் போய்ச் சேர்ந்தது? அவன் இரக்கப்பட்டது நிஜம். திருடிக்கொண்டுபோன சாமானைத் துடைத்துப் பத்திரமாக வைத்திருந்தேன் என்று சொல்கிற இரக்கம்.

ஏலம் அதோடு செத்தது. ஷாமிலா எழுதினாள்: *ஒங்க பேச்ச நம்பித்தான் அக்கா நான் வந்தேன். ஒங்களுக்குத் தெரியாதுன்னு எப்புடி நம்புறது?* நியாயமான கேள்வி. கூடக் கொடுத்தவர்களுக்கெல்லாம் பலகையில் இருந்ததை ஈடாக அனுப்பிப் பலகை காலியானது. 'புருஷனும் பொஞ்சாதியும் சேர்ந்து அடிச்ச கூத்து' என்று யாரோ அந்த வீடியோவைப் பதினைந்து இடத்தில் பகிர்ந்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை லைவ் போட்டபோது மூன்று பேர் வந்தார்கள், அதில் இரண்டு பேர் திட்டுவதற்கு. அதற்கு அடுத்த வெள்ளி அவள் போடவில்லை. நிரஞ்சன் முன் அறையில் படுத்தான். சாப்பாட்டை வைத்துவிட்டு வந்துவிடுவாள். அவன் குவைத் பேச்சை எடுக்கவில்லை, எடுக்க அவனுக்கு இனி வாய் ஏது? ஆனால் அடுப்பு எரிய வேண்டும், லோஜினியின் ஸ்கூல் வேன் வர வேண்டும், ஓட்டோவில் பாதி நாள் ஹயர் கிடையாது. யாரும் கேட்காமலே ஷிராணி ஒருநாள் ஹட்டன் ஏஜென்சிக்குப் போன் பண்ணினாள். பழைய வீட்டிலேயே ஆள் தேடுகிறார்கள் என்றார்கள்.

அன்று பின்னேரம் லோஜினியின் தலையைச் சீவிக்கொண்டிருந்தபோது பிள்ளை திரும்பாமலே கேட்டாள்: "அந்த ஹமூதிய ஒங்களுக்கு ரொம்பப் புடிக்குமா?"

"யாரு சொன்னா?"

"அப்பாகிட்ட கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டாரு. ஒங்ககிட்டக் கேக்கச் சொன்னாரு." பிறகு, "அவன் என்ன விட நல்லா ஓடுவானா?" என்றாள்.

ஷிராணி பின்னலை முடிந்து பிள்ளையை விளையாட அனுப்பினாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். கதவோரம் உட்கார்ந்து போனை எடுத்தாள். கட்டைவிரல் பழகின இடத்துக்குத் தானாகவே போனது. *அக்கா, நான் மறுபடி குவைத்துக்குப் போக வேண்டி வரும்போல இருக்கு. லோஜினிகிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியல்ல. நீங்களாவது ஒரு வழி சொல்லுங்க* என்று எழுதி அனுப்பினாள்.

முன் அறையில் ஒரு போன் 'டிங்' என்றது.

அப்போதுதான் அவளுக்குச் சுரணை வந்தது. எழுந்து ஓடி அதைப் பிடுங்கலாம். கத்தலாம். ஒன்றும் செய்யவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிட்டது. பிறகு அவள் கையிலிருந்த போனில், நீர்வீழ்ச்சிப் படத்துக்குப் பக்கத்தில், அந்த அக்கா ஏதோ எழுதுகிறாள் என்பதற்கு அடையாளமான மூன்று புள்ளிகள் துடித்தன, நின்றன, மறுபடி துடித்தன.

அவன்தான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், அந்த அக்கா என்ன சொல்லப்போகிறது என்று அவள் காத்துக்கொண்டிருந்தாள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.